பித்தளை துலக்கும் பக்குவம்

 

ஷஃபான் மாதம் பாதி கடந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள்; பாய்களை உதறி வெயிலில் போடுவார்கள்; நோன்புக் கஞ்சிக்கான அரிசியைப் புடைத்து வைப்பார்கள். ஆண்டு முழுவதும் பரணில் உறங்கிக் கிடந்த பாத்திரங்களும் அப்போதுதான் கீழே இறங்கும். அவற்றுள் எவர்சில்வர் பாத்திரங்களைப் பற்றிக் கவலையில்லை. ஒரு முறை கழுவித் துடைத்தால் போதும். பித்தளைச் சாமான்களின் கோலத்தைக் கண்டால்தான் மனம் சோர்ந்துவிடும். சென்ற ஆண்டு பொன்போல் மின்னிய தாம்பாளம் கறுத்துக் கிடக்கும். பன்னீர்ச் செம்பின் கழுத்தில் பச்சை படர்ந்திருக்கும். கெண்டியின் மூக்கில் கரும்புள்ளிகள் தெரியும். "இவற்றையெல்லாம் யார் தேய்ப்பது? எடைக்குப் போட்டுவிடலாமே!" என்ற பேச்சும் அந்த நேரத்தில்தான் எழும்.

சற்றுப் பொறுங்கள். எடைக்குப் போட வேண்டியதும் இல்லை. கை வலிக்கத் தேய்க்க வேண்டியதும் இல்லை. அடுப்பங்கரையில் உள்ள புளியும் உப்பும் எலுமிச்சையுமே இந்த வேலைக்குப் போதும். ஆனால், எந்த வேலைக்கும் ஒரு பக்குவம் உண்டு. அந்தப் பக்குவத்தை அறியாமல் நான் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நேர்ந்த இழப்பு உங்கள் வீட்டில் நேராதிருக்க வேண்டும் என்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

கெண்டியில் இருந்த பெயர்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் கெண்டி உண்டு. அது என் உம்மாவின் தாயார், நாங்கள் 'நன்னி' என்று அழைத்த பெரியவர், திருமணமாகி வந்தபோது சீராகக் கொண்டுவந்தது. அதன் வயிற்றுப் பகுதியில், புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்துகளில் நன்னியின் பெயர் இருந்தது. நன்னி தம் கடைசி நாள்வரை அந்தக் கெண்டியில்தான் ஒளூச் செய்தார்கள். அவர்கள் எழுதப் படிக்கக் கற்றவர்கள் அல்லர். அவர்களுடைய பெயர் எழுதப்பட்டிருந்த பொருள் வீட்டில் அது ஒன்றுதான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும் அந்தப் பெயரை வைத்துத்தான்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, என் தங்கையின் திருமணத்தை ஒட்டிப் பாத்திரங்களைத் துலக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாளோ குறைவு, பாத்திரமோ அதிகம். கழிவறை கழுவும் ஆசிட்டைச் சிறிது நீரில் கலந்து ஊற்றினால் நொடியில் பளபளப்பாகும் என்று யாரோ சொல்ல, நானும் அவ்வாறே செய்தேன். நுரைத்தது, கருமை மறைந்தது. மகிழ்ச்சியோடு மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது கெண்டி மஞ்சளாக இல்லை. பழைய செம்புக் காசு போலத் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. பதறிப்போய் அந்தச் சிவப்பைப் போக்குவதற்குச் செங்கற்பொடியும் இரும்பு நாரும் கொண்டு பலங்கொண்ட மட்டும் தேய்த்தேன். சிவப்புப் போயிற்று. அதனோடு பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் போயின.

உம்மா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கெண்டியை வாங்கி, எழுத்து இருந்த இடத்தை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கல்லூரியில் பட்டம் பெற்றவள் என்ற பெருமை அன்றைக்கு எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அதன் பிறகுதான், பித்தளை ஏன் கறுக்கிறது, எதனால் வெளுக்கிறது என்பதைக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டேன்.

பித்தளை ஏன் கறுக்கிறது?

செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவையே பித்தளை. பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு அளவில் செம்பும், எஞ்சிய பங்கு துத்தநாகமும் இருக்கும். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் அது வெண்கலம். நம் வீடுகளில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவது வழக்கமாகிவிட்டது. பித்தளை மஞ்சள் நிறமுடையது. தட்டினால் தகடுபோல் ஒலிக்கும். வெண்கலம் மணிபோல் நின்று ஒலிக்கும். ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடக்கூடும்.

பித்தளையில் உள்ள செம்பு, காற்றில் உள்ள பிராண வாயுவோடும் ஈரத்தோடும் மெல்ல மெல்லச் சேர்ந்து பழுப்பு நிறப் படலமாக மாறுகிறது. அடுப்புப் புகை, முட்டை, வெங்காயம் முதலியவற்றிலிருந்து எழும் கந்தகச் சேர்க்கைகள் பட்டால் அந்தப் படலம் கருமையாகிறது. ஈரமும் புளிப்பும் உப்பும் தங்கிய இடத்தில் பச்சை நிறம் படர்கிறது. அதைத்தான் 'களிம்பு' என்கிறோம். கடற்கரை ஊர்களில் வாழும் சகோதரிகள், "எங்கள் வீட்டுப் பாத்திரம் மட்டும் ஒரே மாதத்தில் கறுத்துவிடுகிறதே!" என்று வருந்துவதுண்டு. குற்றம் பாத்திரத்தில் இல்லை. உப்புக் காற்றில்தான் இருக்கிறது.

பழுப்பும் கருமையும் பாத்திரத்தின் மீது வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்ல. பித்தளையின் மேற்பரப்பே அவ்வாறு மாறியிருக்கிறது. ஆகவே அதனைச் சுரண்டி எடுக்கும்போதெல்லாம் பாத்திரமும் இம்மியளவு தேய்கிறது. புளியும் எலுமிச்சையும் சுரண்டுவதில்லை. அவற்றில் உள்ள புளிப்பு, அந்தப் படலத்தைக் கரைத்து விடுகிறது. கரைந்ததை நீர் கொண்டுபோய்விடும். சுருங்கச் சொன்னால், செங்கற்பொடி கையின் பலத்தால் செய்வதைப் புளி சில நிமிட நேரத்தால் செய்கிறது. பித்தளைக்குக் கொடுக்க வேண்டியது பலம் அல்ல, நேரம்! அந்த நேரமும் அளவோடு இருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

முதலில் பாத்திரம் உண்மையிலேயே பித்தளைதானா என்று பாருங்கள். ஒரு சிறு காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. ஒட்டிக்கொண்டால் அது உள்ளே இரும்பு; மேலே முலாம் மட்டுமே. முலாம் பூசிய பொருளைப் புளியிட்டுத் தேய்த்தால் பூச்சு போய்ச் சாயம் வெளுத்துவிடும். அதனைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைப்பதே போதும்.

அடுத்து, பாத்திரத்தின் மீது வார்னிஷ் போன்ற கண்ணாடிப் படலம் பூசப்பட்டுள்ளதா என்று பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் 'பித்தளை நகரம்' என்றே பெயர் பெற்ற முரதாபாத், ஷாஜஹானின் மகன் முராதின் பெயரால் அமைந்த ஊராகும். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பித்தளையில் பூவேலை செய்து வருபவர்களுள் நம் சமுதாயத்துக் கைவினைஞர்கள் மிகப் பலர். இத்தகைய அலங்காரத் தட்டுகளும் பூச்சாடிகளும் கறுக்காதிருப்பதற்காக அவற்றில் பலவற்றின் மேல் அந்தப் படலத்தைப் பூசி விற்பார்கள். அவற்றுக்குப் புளி ஆகாது. வெதுவெதுப்பான சோப்பு நீரே ஏற்றது.

மூன்றாவதாக, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். பிசுக்கின் மேல் எத்தனை முறை புளியைத் தடவினாலும் பயனில்லை. புளிப்பு உலோகத்தைச் சென்று சேராது. வெந்நீரில் சீயக்காய்த் தூளோ சோப்புத் தூளோ கலந்து முதலில் கழுவிவிட வேண்டும். பலர் புளி வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொண்டு ஆசிட்டைத் தேடுவதற்கு, இந்த ஒரு படியை விட்டுவிடுவதே காரணம்.

இவ்வளவும் செய்த பின், எந்தப் பொருளைப் பயன்படுத்துவதாயினும் பாத்திரத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் சிறிதளவு தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

புளியும் உப்பும்

அன்றாடம் புழங்கும் பாத்திரங்களுக்குப் புளியே முதன்மையானது. அதில் டார்டாரிக் அமிலம் நிறைந்திருக்கிறது. எலுமிச்சம்பழ அளவு பழம்புளியை ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். கொட்டை, ஓடு, நரம்பு ஆகியவற்றை நீக்கிவிட்டுக் கெட்டியாகக் கரையுங்கள். ஓடும் நரம்பும் கோடு போட்டுவிடும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து, பாத்திரம் முழுவதும் சீராகப் பூசி, மூன்று அல்லது நான்கு நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு பருத்தித் துணியாலோ புளிச் சக்கையாலோ மெல்லத் தடவிக் கொடுத்தால் போதும். மஞ்சள் நிறம் தானே எழுந்து வரும். உப்பு, புளிப்பின் வேலையை விரைவுபடுத்தும். கல்லுப்பாக இருந்தால் பொடித்தோ கரைத்தோ சேருங்கள்.

இதற்கென்று புதிதாகப் புளி வாங்க வேண்டும் என்பதில்லை. காலையில் மீன் ஆணத்துக்குக் கரைத்த புளியின் சக்கையை எறிந்துவிடாமல் ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அதுவே ஒரு செம்புக்கும் இரண்டு தட்டுகளுக்கும் போதுமானது.

எலுமிச்சை

நோன்பு திறக்கச் சர்பத் கலக்கும் வீடுகளில் பிழிந்த எலுமிச்சைத் தோலுக்குப் பஞ்சமில்லை. தோலின் உட்புறத்தில் தூள் உப்பைத் தொட்டுக்கொண்டு பாத்திரத்தின் மேல் வட்டமாகத் தடவுங்கள். கையடக்கமாக இருப்பதால் கெண்டியின் மூக்கு, செம்பின் கழுத்து, படிக்கத்தின் விளிம்பு முதலிய இடங்களுக்கு இது மிகவும் வசதியானது. தடவிய இரண்டு நிமிடத்துக்குள் கழுவிவிட வேண்டும்.

வினிகரும் மாவும்

நீண்ட நாள் கவனிக்காமல் விட்டுக் கருமை ஏறிய தாம்பாளங்களுக்கு ஒரு பசை செய்துகொள்ளலாம். அரைக் குவளை வினிகரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, தோசை மாவைவிடக் கெட்டியாகும் வரை மைதா அல்லது அரிசி மாவைச் சேர்த்துக் குழையுங்கள். மாவு எதற்கு என்று கேட்கலாம். வினிகர் தனியே நின்றால் வழிந்தோடிவிடும். மாவு அதனைப் பாத்திரத்தோடு பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். முதல் முறையில் கருமை முழுவதும் நீங்காவிடில் வருந்த வேண்டாம். கந்தகத்தால் ஏறிய கருமை அவ்வளவு எளிதில் கரையாது. மறுபடியும் ஒரு முறை பூசுங்கள். பத்து நிமிடமாக இரண்டு முறை செய்வது, இரவு முழுவதும் ஊறப்போடுவதைவிடப் பன்மடங்கு மேலானது.

பூவேலை உள்ள பாத்திரங்களுக்கு இந்தப் பசையைச் சற்று நீர்க்கக் கரைத்து, பழைய மென்மையான பல்துலக்கியால் தடவலாம். பள்ளங்களில் தங்கிய மாவை மூங்கில் குச்சியால் எடுங்கள். ஊசியும் ஆணியும் வேண்டா.

புளித்த மோர்

மெல்லிய தகடும் பழைய வேலைப்பாடும் உள்ள பொருட்களுக்குப் புளித்த மோர் நல்லது. அதன் புளிப்பு மென்மையானது. வேலையும் மெதுவாகவே நடக்கும். துணியில் நனைத்துத் துடைத்து, கால் மணி நேரத்தில் கழுவிவிடலாம்.

கழுவுவதும் துடைப்பதும்

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. துலக்கிய மறுநாளே பச்சை படர்ந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்ளும் வீடுகளில், புளிப்பு முழுவதுமாகக் கழுவப்படவில்லை என்று அறியலாம். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். ஒரு வாளி நீரில் ஒரு கைப்பிடி சமையல் சோடாவைக் கரைத்து, அதில் ஒரு முறை முக்கியெடுத்து மீண்டும் அலசினால், மூலை முடுக்குகளில் ஒளிந்திருக்கும் புளிப்பும் அடங்கிவிடும்.

அலசிய உடனே உலர்ந்த பருத்தித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். நீர் தானே காயட்டும் என்று கவிழ்த்து வைத்தால், உப்பு நீர் உள்ள ஊர்களில் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுச் செல்லும். துடைத்த பின் சிறிது நேரம் வெயிலில் வைத்து எடுங்கள். அலங்காரப் பொருளாயின், ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். அது காற்றையும் ஈரத்தையும் சில காலம் தடுத்து நிறுத்தும். உணவுப் பாத்திரங்களுக்கு இது தேவையில்லை.

பரணில் வைப்பதற்கு முன் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பர் வளையத்தால் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வளையம்போலக் கறுப்புத் தடம் பதித்துவிடும்.

எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

ஆசிட்டை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதற்கு என் கெண்டியே சாட்சி. பித்தளையில் உள்ள இரண்டு உலோகங்களில் துத்தநாகம்தான் கடும் புளிப்புக்கு முதலில் இரையாவது. அது கரைந்து போய்விட, செம்பு மட்டும் மேலே எஞ்சி நிற்கும். நான் கண்ட சிவப்புத் திட்டு அதுவே. புளியிலோ வினிகரிலோ மணிக்கணக்கில் ஊறப்போட்டாலும் இதே கேடு நேரும். சிவப்பு மெல்லியதாக இருந்தால் பதறாமல், பல நாட்களில் சிறிது சிறிதாக மெல்லத் தேய்த்துப் போக்கலாம். ஆழமாகப் பிடித்திருந்தால் பாத்திரக் கடைக்காரரிடம் காட்டி மெருகிடச் செய்யுங்கள். அன்று நான் இதனை அறிந்திருந்தால் இரும்பு நாரைத் தொட்டிருக்க மாட்டேன்.

இரும்பு நாரும் செங்கற்பொடியும் மணலும் பித்தளையில் கீறல்களை உண்டாக்கும். கீறல் விழுந்த பாத்திரம் விரைவில் மீண்டும் கறுக்கும். நாரின் துணுக்குகள் தங்கிவிட்டால் துருக்கறையும் பிடிக்கும். சாம்பல் போட்டே பழகியவர்கள், மெல்லிய துணியில் சலித்த விறகுச் சாம்பலை ஈரத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம்; எழுத்துள்ள இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அமோனியா கலந்த நீர்மங்களும் பித்தளைக்குப் பகை. இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், மழைக்காலங்களில் இராணுவத்தினர் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தனர். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால் அவற்றின் பித்தளைக் கூடுகளில் விரிசல் கண்டிருந்தது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்பது 1921-ஆம் ஆண்டில்தான் விளக்கப்பட்டது. எனவே பித்தளைச் சாமான்களை மாட்டுக் கொட்டகையிலும் கோழிக் கூட்டின் அருகிலும் போட்டு வைக்காதீர்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. வினிகர், எலுமிச்சை, ஆசிட் ஆகிய எதனையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு மூச்சுத் திணறலை உண்டாக்கும். இது பாத்திரத்தைப் பற்றிய கவலை அல்ல. உயிரைப் பற்றிய கவலை.

சமைக்கும் பாத்திரங்கள்

பெருநாளுக்குப் பிரியாணி ஆக்கும் பித்தளைத் தேக்சாவின் உட்புறம் வெண்மையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெள்ளீயப் பூச்சு. தயிரும் தக்காளியும் எலுமிச்சையும் சேரும் உணவைப் பூச்சில்லாத பித்தளையில் ஆக்கினால் செம்பு உணவில் கரைந்து, வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும். ஆகவே மேலே சொன்ன துலக்கும் முறைகள் யாவும் வெளிப்புறத்துக்கு மட்டுமே. ஈயம் பூசிய உட்புறத்தை மென்மையான துணியும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிடாதீர்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கினால், மீண்டும் ஈயம் பூசும் வரை அதில் சமைக்க வேண்டாம். பூசக் கொடுக்கும்போது, காரீயம் கலவாத சுத்தமான வெள்ளீயம்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். காரீயம் உடலுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, பெருங்கேடு செய்வது.

விறகடுப்பில் ஏற்றுவதற்கு முன் தேக்சாவின் அடியில் குழைத்த மண்ணையோ ஈரச் சாம்பலையோ பூசும் பழைய வழக்கத்தை மறந்துவிடாதீர்கள். கரி அந்தப் பூச்சின் மேல் படியும். நீர் பட்டவுடன் அதனோடு வந்துவிடும். துலக்கும் வேலையைக் குறைப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

எழுத்தைக் காப்போம்

நபி (ஸல்) அவர்கள் பித்தளைப் பாத்திரத்தில் இருந்த நீரைக் கொண்டு ஒளூச் செய்த செய்தியை அப்துல்லாஹ் இப்னு ஜைத் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் பதிவு செய்துள்ளார்கள். அக்காலந்தொட்டு முஸ்லிம்களின் இல்லங்களில் பித்தளை புழங்கி வந்திருக்கிறது. இராக்கில் உள்ள மவ்ஸில் நகரத்துக் கைவினைஞர் ஒருவர், ஹிஜ்ரி 629-ஆம் ஆண்டு ரஜப் மாதத்தில், அதாவது கி.பி. 1232-இல், வெள்ளியும் செம்பும் பதித்த ஒரு பித்தளைக் கெண்டியைச் செய்து முடித்தார். அது இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனைச் செய்தவர் ஷுஜா இப்னு மனஆ என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? அந்தக் கெண்டியின் மேலேயே அவர் தம் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார். எண்ணூறு ஆண்டை நெருங்கியும் அந்த எழுத்தைப் படிக்க முடிகிறது. என் நன்னியின் பெயரோ என் கையில் ஒரு பிற்பகல் நேரத்துக்குத் தாங்கவில்லை.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். பெரியவர்களின் பெயர் இருக்கும். சீர் கொடுத்தவர்களின் பெயர் இருக்கும். ஜமாஅத்தின் பொதுப் பாத்திரங்களில் வக்ஃப் செய்தவர்களின் பெயர் இருக்கும். திருமணத்துக்கு இரவல் வாங்கிச் செல்லும் தேக்சாவையும் தாம்பாளங்களையும் துலக்கித் திருப்பிக் கொடுக்கும்போது அந்த எழுத்துகளின் மேல் இரும்பு நாரை ஓட்டாதீர்கள். அது நம்மிடம் உள்ள அமானிதம். எழுத்துள்ள இடத்தைப் புளித் தண்ணீர் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாலே போதும். எழுத்துகளின் பள்ளத்தில் சிறிது கருமை தங்கினால் தங்கட்டும். அந்தக் கருமை இருப்பதால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. துலக்கத் தொடங்குமுன் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும், கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

எங்கள் வீட்டுக் கெண்டி இப்போதும் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ரமலானுக்கு முன்பும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பும், புளிச் சக்கை கொண்டு அதனைத் துலக்குகிறோம். மற்ற நாட்களில் உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. சென்ற ஆண்டு என் மகள் அதனைத் துடைத்துக்கொண்டிருந்தவள், எழுத்துகளை விரலால் கூட்டிப் படித்துவிட்டு, "உம்மா, இந்தப் பெயர் பாதியிலேயே நின்றுவிட்டதே, மீதி என்ன?" என்று கேட்டாள். மீதியைச் சொன்னேன். அது எப்படி அழிந்தது என்பதையும் சொன்னேன். கடையில் கொடுத்து அந்த இரண்டு எழுத்துகளையும் திரும்ப வெட்டிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இருக்கிற எழுத்துகள் இப்படியே இருக்கட்டும்; எஞ்சியதை நாம் காப்போம் என்றேன்.

இந்த ரமலானுக்குப் பரணில் இருந்து பித்தளையை இறக்கும்போது, கையில் நாரை எடுக்கும் முன் கிண்ணத்தில் புளியை ஊறவையுங்கள். அது ஊறுகின்ற கால் மணி நேரத்தில், பாத்திரத்தில் உள்ள பெயரை உங்கள் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். அது யாருடைய பெயர் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.